ஒரு சமயத்தில் ஒரு தோட்டா

கல்லூரி முதலாண்டில், தேசிய மாணவர் படையின் பத்து நாள் முகாமில் எனக்கு ஐந்து தோட்டாக்கள் கொடுத்தார்கள். ஒரு மாணவனுக்கு ஒதுக்கப்பட்டது அவ்வளவுதான். தார்ப்பாயில் குப்புறப் படுத்து, 25 கஜத் தொலைவிலிருந்த அட்டையைப் பார்த்து, .22 ரைஃபிளின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டாவை விரலால் குழலுக்குள் தள்ளி, போல்ட்டை மூடி, மூச்சை அடக்கிச் சுட வேண்டும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஐந்தும் முடிந்தபின் ஹவில்தார் வெற்றுக் கூடுகளை எண்ணுவார். அவற்றை அவர் ‘கோக்கா’ என்பார். கொடுத்தது ஐந்தென்றால் திரும்பி வரவேண்டியதும் ஐந்து. என்னுடையவற்றில் ஒன்று குறைந்தது. மொத்த அணியும் வெயிலில் தவழ்ந்து புல்லைத் துழாவி, கடைசியில் என் சட்டைக் காலருக்குள்ளிருந்து அதைக் கண்டெடுத்தோம். அட்டையில் என் ஐந்து குண்டுகள் எங்கே போயின என்பது இன்று நினைவில் இல்லை. அந்தக் கோக்காவின் சூடு நினைவிருக்கிறது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு சிற்றூரில் வசிக்கும் நான், அதே வகை ரைஃபிள் ஒன்றை வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் ஊர்ப்புறச் சுடுதளத்தில் அட்டைகளைத் துளைத்துக்கொண்டிருக்கிறேன். வேட்டையில் எனக்கு ஈடுபாடில்லை, போட்டிகளுக்கும் போவதில்லை. இதை அறிந்த நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். அவருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. ஒன்பது வயது மகன் இருக்கிறான். சும்மா அட்டையைச் சுட்டுப் பழக ஒரு .22 ரைஃபிள் வாங்க விரும்புவதாகவும், கடைக்காரர் ரூகர் 10/22-ஐப் பரிந்துரைப்பதாகவும், என் கருத்து என்னவென்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல ஒரு மணி நேரம் பிடித்தது. அவருக்கு அது போதவில்லை, எனக்கும்தான். எனவே எழுதிப் பார்க்கிறேன்.

கிரீன் கார்டைப் பற்றிச் சொன்னதற்குக் காரணமுண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது. அதாவது, அட்டையைச் சுட விரும்பும் சைவ உணவுக்காரர் மானைச் சுடுவதற்கான உரிமத்தை முதலில் வாங்க வேண்டும். இந்த நாட்டுச் சட்டங்களின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் வேறு இருக்கின்றன. அவற்றை வாசிக்காமல் கடைப்படி ஏறக்கூடாது.

நாம் இலக்கியக் கட்டுரைகளில் செகாவின் துப்பாக்கியை எத்தனையோ முறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். சுவரில் தொங்கும் அது எந்த ரகம், யார் தோளுக்கு அளவெடுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. துப்பாக்கியைக் குறியீடாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். குறியீட்டை விலக்கிவிட்டுப் பார்த்தால் அது ஒரு கருவி. தையல் இயந்திரத்தையோ வீணையையோ போல, உடம்போடு பொருந்தினால்தான் வேலை செய்யும்.

.22-இன் பிறப்பே ஒருவகையில் வரவேற்பறையில்தான் நடந்தது. பாரிஸ் நகரத் துப்பாக்கித் தச்சர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845 வாக்கில் வெடிமூடியின் வாயிலேயே ஒரு சிறு ஈய உருண்டையைப் பொருத்தி, வீட்டுக்குள் சுட்டு விளையாடும் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா ஒன்றைச் செய்தார். அதில் தனியாக மருந்துப்பொடி கிடையாது. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்த யோசனையை வளர்த்து .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் சுடப்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவை 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இவை அனைத்துக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுதான்: தீ மூட்டும் வேதிக்கலவை கூட்டின் அடிவிளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். சுத்தியல் முள் அந்த விளிம்பை நசுக்கும்போது தோட்டா வெடிக்கும். நசுங்க வேண்டுமென்றால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். தகடு மெல்லியதென்றால் அழுத்தம் அதிகம் தாங்காது. இந்த வரம்புதான் .22-ஐ அளவோடு வைத்திருக்கிறது. தோளில் உதையில்லை, காதுக் கவசம் அணிந்தால் சத்தமும் பெரிதில்லை. தோட்டா மலிவு.

இதே கட்டமைப்பில் ஒரு குறையும் உண்டு. விளிம்பைச் சுற்றி எல்லா இடத்திலும் கலவை சமமாகப் பரவியிராத தோட்டா சிலசமயம் வெடிக்காமல் போகும். அரிதாக, தாமதித்து வெடிக்கும். விசையை அழுத்தியும் ஓசை வராவிட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும். பதற்றத்தில் துப்பாக்கியைத் திருப்பி உள்ளே எட்டிப்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ரூகர் 10/22 மோசமான துப்பாக்கி அன்று. 1964-இல் வந்து, பல பத்து லட்சங்கள் விற்று, இன்றும் செய்யப்படுகிறது. சுழலும் அமைப்புடைய அதன் பத்துத் தோட்டா மேகசினைப் போலச் சிக்கலின்றி இயங்கும் இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆனால் அது தானியங்கி மறுநிரப்பு வகை. விசையை அழுத்தும்போதெல்லாம் ஒரு குண்டு போகும். அடுத்தது தானாகவே வந்து அமர்ந்துகொள்ளும். சுடுதளத்தில் அதை முதல் துப்பாக்கியாக வைத்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். முதல் குண்டு எங்கே பட்டது என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போதே விரல் இரண்டாவதை அனுப்பிவிடும். மூன்றாவது, இரண்டாவதன் பிழையைத் திருத்துவதற்காக. பத்து விநாடியில் பத்தும் தீர்ந்து, அட்டையில் பத்துத் துளைகள் இருக்கும். எந்தத் துளை எந்தத் தவற்றினால் விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குறி தவறுவதில் வெட்கமில்லை. ஏன் தவறினோம் என்று அறிய வழியில்லாமல் போவதே பயிற்சியைக் கெடுக்கிறது.

போல்ட் வகையில், ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு கை விசையை விட்டு வர வேண்டும். தலை சற்று நிமிரும். மூச்சு மறுபடி ஓடும். அந்த ஐந்தாறு விநாடியில் சற்றுமுன் செய்தது மனத்தில் ஒருமுறை ஓடிவிடுகிறது: இழுக்கும்போது முன்குறி இடப்பக்கம் சரிந்ததே, கன்னம் கட்டையில் சரியாகப் படியவில்லையே என்று. ஜிம் கார்பெட் சிறுவனாக இருந்தபோது கையாண்ட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு குழல் பிளந்துபோயிருந்தது; கட்டையைப் பித்தளைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். மற்றொரு குழலில் கெட்டிக்கும் மருந்து ஒருமுறைதான் வெடிக்கும். அவர் பெரிய வேட்டைக்காரர் ஆனதற்கு அதுவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அது கெட்ட தொடக்கமாக இருக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: போல்ட் இயக்கமுள்ள, நடுத்தர விலை .22 லாங் ரைஃபிள். செக் நாட்டு சிஸெட் 457 எனக்குப் பிடித்தது. அதன் மேகசினை எடுத்துவிட்டு, தோட்டாவை ஒவ்வொன்றாக வைப்பதற்கான சிறு அடைப்பான் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். என்னுடையதில் மேகசின் பெட்டியை விட்டு வெளியே வந்ததே அரிது. சாவேஜ் மார்க் 2 இன்னும் மலிவு. அழகில் குறைந்தாலும் குறியில் குறைவில்லை. இடக்கைக்காரர்களுக்கான வடிவமும் அதில் உண்டு. பழையதையும் பார்க்கலாம். ஈயக் குண்டு குழலை அவ்வளவு எளிதில் தேய்த்துவிடாது என்பதால் நாற்பது வருடத்து .22-கூட நன்றாகச் சுடும். ஆனால் வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதிகம் சுட்டதால் கெட்டவற்றைவிட, துப்புரவுக் கம்பியால் அதிகம் தேய்த்துக் கெட்டவைதான் சந்தையில் அதிகம். ஆன்ஷுட்ஸ் கனவு காண்பதற்கு நன்று. கனவிலேயே இருக்கட்டும்.

நிறுவனத்தைவிட முக்கியமானது அளவு. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையிலான நீளம் பெரும்பாலான துப்பாக்கிகளில் பதின்மூன்றரை அங்குலம் வாக்கில் இருக்கும். ஆறடி அமெரிக்கருக்கு அது பொருந்தும். ஐந்தடி நான்கங்குலத் தமிழர் அதைத் தோளில் வைத்தால் கழுத்தை முன்னே நீட்டி, இடக்கையை முழுவதும் விறைத்துக்கொண்டு நிற்க நேரும். இருபது நிமிடத்தில் தோள் வலிக்கும். வலியை மறைக்கப் பெரிய தொலைநோக்கிக் குறி வாங்கத் தோன்றும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குறிகள் கண்ணுக்கு நேரே வந்திருந்தால் அது உங்களுடையது. வராவிட்டால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேறொருவருடையது. குழல் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பதினாறு, பதினெட்டு அங்குலத்துக்குள்ளாகவே இந்தத் தோட்டாவின் மருந்து தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேற்பட்ட நீளம் வேகத்தைத் தராது. குறிகளுக்கிடையே தூரத்தைத் தரும். முன்பாரத்தால் நடுக்கத்தையும் சற்றுக் குறைக்கும்.

குறிகளில் நான் பழைமைவாதி. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு முள். துளையைக் கண் பார்க்க வேண்டியதில்லை. அதன் வழியாகப் பார்த்தால் போதும், கண் தானே நடுவைத் தேடிக்கொள்ளும். இளம் கண்ணுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு முள் மங்கத் தொடங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் தொலைநோக்கிக் குறி வாங்கட்டும்; ஆனால் ரிம்ஃபயருக்கென்று செய்யப்பட்டதை, 50 கஜத்துக்குச் சீர்செய்யப்பட்டதை வாங்க வேண்டும். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்கள் 100 கஜமோ அதற்கு மேலோ கணக்கிட்டு அமைக்கப்படுகின்றன. கிட்டத்து அட்டையில் அவற்றைப் பயன்படுத்தினால், கண் சற்றே அசைந்தாலும் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதாகத் தோன்றும். பிழை நம்முடையதா கண்ணாடியுடையதா என்று தெரியாமல் மாதங்கள் போகும். எனக்குப் போயின.

தோட்டாவைப் பற்றித்தான் பலரும் யோசிப்பதேயில்லை. பெட்டியில் ‘அதிவேகம்’ என்று எழுதியிருந்தால் நல்லதென்று எடுத்துக்கொள்கிறார்கள். 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, சாதாரண வேகத் தோட்டாவில் விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. இது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. அதிவேகத் தோட்டா ஒலியைத் தாண்டிக் கிளம்பி, 100 மீட்டர் போவதற்குள் மறுபடி ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும் எல்லையில் குண்டு தடுமாறும். இன்னொரு வியப்பும் உண்டு: பக்கக் காற்று அதிவேகக் குண்டையே அதிகம் ஒதுக்குகிறது. வேகமாகப் போவது காற்றில் குறைவாகத்தானே விலக வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் விலகலைத் தீர்மானிப்பது பயண நேரமன்று. வழியில் காற்றுத்தடையால் எவ்வளவு நேரம் இழந்தது என்பதே. ஒலியெல்லையில்தான் அந்த இழப்பு மிகுதி. போட்டியாளர்கள் எல்லோரும் மெதுவான தோட்டாவைச் சுடுவது இதனால்தான். 50 கஜத்தில் குறி சரிசெய்த சாதாரணத் தோட்டா 100 கஜத்தில் ஏழு அங்குலம் போலத் தாழ்ந்து விழும். விழட்டும். எவ்வளவு விழும் என்று அறிந்துகொள்வதும் இந்த விளையாட்டில் சேர்ந்ததே.

தவிர, ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. ஒரே நாளில் ஒரே நிறுவனத்தில் செய்யப்பட்ட இரு குழல்களில் ஒன்று சிசிஐயை விரும்பும், மற்றது எஸ்கேயை விரும்பும். காரணம் கேட்டால் வல்லுநர்களும் தோளைக் குலுக்குவார்கள். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்டு, எது மிக நெருங்கி விழுகிறதோ அதிலேயே நிலைத்துவிட வேண்டியதுதான். சர்வதேச 50 மீட்டர் அட்டையில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 5.6. படுத்தும் முழந்தாளிட்டும் நின்றும் இந்த அட்டையைச் சுட்டுத்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு நம் அட்டையைப் பார்த்தால் ஆணவம் தானாக இறங்கும்.

இதுவரை எழுதியதை நண்பரிடம் படித்துக் காட்டியபோது, “அப்படியென்றால் ஒற்றைத் தோட்டா போல்ட் ரைஃபிள் ஆபத்தில்லாதது என்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை. 2013 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், சிறுவர்களுக்கென்றே அளவு குறைத்துச் செய்யப்பட்ட ஒற்றைத் தோட்டா .22 ரைஃபிளால் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். குழந்தை இறந்துபோயிற்று. அவனுக்குப் பரிசாக வந்த துப்பாக்கி அது. மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள்; உள்ளே ஒரு தோட்டா தங்கியிருந்ததை யாரும் அறியவில்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளையும் பெரியவர்கள் 6 பேரையும் கொன்ற இளைஞன், அன்று காலை முதலில் கொன்றது படுக்கையிலிருந்த தன் தாயை. அந்த வீட்டிலிருந்து அதற்கு அவன் எடுத்தது ஒரு .22 போல்ட் ரைஃபிள். நான் மேலே மெச்சிய அதே இனம்.

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஒரு சமயத்தில் ஒரு தோட்டா என்பது சுடுபவனுக்குப் பொறுமை கற்பிக்கலாம். சுடப்பட்டவருக்கு அந்த ஒன்றே போதும். .22-ஐப் பொம்மை என்று பேசுபவர்களை நான் அஞ்சுகிறேன். அந்தத் தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருக்கிறது. கல்லிலோ நீரிலோ பட்டுத் தெறிப்பதில் ஈயக் குண்டு கெட்டிக்காரன்; வெற்றுப் புட்டியை வேலிமேல் வைத்துச் சுடும் திரைப்படக் காட்சி எனக்கு நகைச்சுவையாகத் தோன்றியதில்லை. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடக்கூடாது. ஈயத்தின் தீங்கு வேறு இருக்கிறது. குண்டில் மட்டுமன்றித் தீமூட்டும் கலவையிலும் ஈயச் சேர்மம் உண்டு. மூடிய சுடுதளத்துக் காற்றில் அது மிதக்கும். கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கலாகாது.

எனவே நண்பரிடம் சொன்னேன்: பணம் இருக்கிறதென்றால் முதலில் இரும்பு அலமாரியை வாங்குங்கள். தோட்டாவுக்கு வேறொரு பூட்டு, வேறொரு அறை. சாவி இருக்குமிடம் மகனுக்குத் தெரியாது என்று நம்பாதீர்கள். நம் அப்பாக்கள் ஒளித்து வைத்த எதுதான் நமக்குத் தெரியாமல் இருந்தது? வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலமென்றால், அலமாரியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். அப்போது சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதே முறை. மனைவியிடம் கேட்டுவிட்டீர்களா என்றேன். மறுமுனையில் சற்று மௌனம்.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். இந்தியாவில் .22-க்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. .177 விட்டத்துக்கும் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் உரிமம் கேட்பதில்லை. பத்து மீட்டர் இடமிருந்தால் போதும். நான் .22-க்காக எழுதிய யாவும், அளவு, குறி, ஒவ்வொன்றாகச் சுடுவது, அதற்கும் பொருந்தும். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது காற்றுத் துப்பாக்கியில்தான். தோப்பில் உட்கார்ந்திருக்கும் கொக்கைச் சுட அதை வாங்குபவர்கள் இந்தக் கட்டுரையை வாசிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நண்பரின் வீட்டுக்கு இரும்பு அலமாரி வந்து மூன்று மாதம் ஆகிறது. அது காலியாக இருக்கிறது. மனைவி இன்னும் முடிவு சொல்லவில்லையாம். சனிக்கிழமைகளில் என்னுடன் வந்து, என் ரைஃபிளை வாங்கி, ஐந்து தோட்டாக்களை மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு சுடுகிறார். மூன்றாம் வாரம்தான் கவனித்தேன், வலத்தோளில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மனிதர் இடக்கண்ணால் குறிபார்க்கிறார். இடத்தோளுக்கு மாற்றச் சொன்னேன். முதல் முறையாக ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. இனி அவருக்கு இடக்கை போல்ட் தேட வேண்டும்.